விழுப்புரத்துக் கிளப்பில் ஒரு சனிக்கிழமை

ஒரு ஊரில் வாழலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள நான் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தையோ ஆஸ்பத்திரியையோ பார்ப்பதில்லை. ராத்திரி ஏழு மணிக்கு மேல் அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்பேன். சிங்கப்பூரில் கம்பெனிக்காரர்களுக்கு ராத்திரிக் கொண்டாட்டங்கள் ஏற்பாடு செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. எத்தனை பேர், எந்த வயசு, சைவமா அசைவமா என்று கேட்டுக்கொண்டால் போதும். எங்கே சாப்பிட வைத்து, எந்தக் கிளப்பில் ஆட வைத்து, எப்போது டாக்ஸியில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தத் தலைக்கனத்தை நம்பித்தான் என் அக்கா என்னைத் திண்டிவனத்துக்கு அனுப்பினாள். அக்கா திருச்சியில் இருக்கிறாள். அவள் மகள் நித்யா பிசியோதெரபி படித்துவிட்டுச் சில வருடங்களாக என்னோடு சிங்கப்பூரில் இருக்கிறாள். வாரம் முழுக்க மற்றவர்களின் முழங்காலையும் இடுப்பையும் சரிசெய்துவிட்டு, சனிக்கிழமை ராத்திரி ஆடப் போவாள். ஆடாத வாரம், ஞாயிற்றுக்கிழமை பூராவும் என்னோடு சண்டை போடுவாள். சரவணனை அவள் முதலில் பார்த்ததே அப்படி ஒரு சனிக்கிழமை, ஒரு கிளப்பில்தான். அவன் அப்போது சிங்கப்பூரில் இன்ஜினியர். சுமாராகத்தான் ஆடுவான், ஆனால் எப்போதும் சிரித்த முகம். பிறகு அப்பாவின் எண்ணெய் மில்லைப் பார்த்துக்கொள்ளச் சொந்த ஊரான திண்டிவனத்துக்கே திரும்பிவிட்டான். இப்போது கல்யாணப் பேச்சு வந்திருக்கிறது. கல்யாணமானால் நித்யாவும் அங்கேதான் வாழ வேண்டும்.

"எல்லாம் நல்ல இடமாத்தான் தெரியுது," என்றாள் அக்கா போனில். "ஆனா இவ ஆடாம இருக்க மாட்டாடீ. அந்த வீட்ல அதுக்கு விடுவாங்களா? நீ போய் நாலு நாள் இருந்து பாரு. நீ சரின்னா நாங்களும் சரி."

அத்தான் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்ததால் அவர்களால் வர முடியவில்லை. ஆக, தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் கொஞ்சமும் பயப்படவில்லை. முதலில் ஒரு நல்ல டின்னர், அப்புறம் கிளப். மாமனார் மாமியாரையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விடுவது. அங்கே அவர்கள் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். வேறு விசாரணை எதற்கு என்று பெட்டியைக் கட்டினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் திண்டிவனம் எங்களை மேம்பாலத்தில் வரவேற்றது. சென்னையில் பஸ் ஏறும்போது "திண்டிவனம் போகுமா?" என்று கேட்டதற்குக் கண்டக்டர் அழகாகத் தலையாட்டியிருந்தார். ஊர் வந்ததும், "பைபாஸ்ல எறங்கறவங்க ஜல்தியா வாங்க! வண்டி உள்ள போவாது!" என்று கத்தினார். சூட்கேஸ்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி வைப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. லாரிகள் எங்கள் முகத்தில் புழுதியை அடித்துக்கொண்டு போயின. நித்யா நாலா பக்கமும் பார்த்துவிட்டு, "சித்தி, ஊர் எங்க?" என்றாள். ஊர் பாலத்துக்குக் கீழே இருந்தது. சிங்கப்பூரில் பஸ் நிறுத்தத்தை அரை அடி தாண்டி நின்றால் டிரைவர் மன்னிப்புக் கேட்பார். இங்கே ஊரையே தாண்டிப் போகிற பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிறார்கள்.

ஷேர் ஆட்டோக்காரரிடம் மல்லாட்டை மண்டி ஏழுமலை வீடு என்றதும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கொண்டுபோய் விட்டார். எங்கள் திருச்சியில் வேர்க்கடலை என்று சொல்வதற்கு இங்கே மல்லாட்டை என்று பெயர். சரவணனின் அப்பா ஏழுமலைக்கு மண்டி, மில் எல்லாமே அந்த மல்லாட்டைதான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஊரைக் கூட்டும் குரல். அவர் மனைவி சரோஜா அதற்கு நேர்மாறாக, பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும். "வாங்க தங்கச்சி!" என்று அவர் முறை வைத்துக் கூப்பிட்டுவிட்டதால் நானும் அண்ணன், அண்ணி என்று ஆரம்பித்துவிட்டேன். நித்யாவுக்கு அவர்கள் மாமா, அத்தை.

சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் சாப்பாடு வந்துவிட்டது. முருங்கைக்கீரை போட்ட கேப்பை அடை, தொட்டுக்கொள்ள மல்லாட்டைச் சட்னி. இந்தச் சட்னியைச் சிங்கப்பூரில் விற்றால் வரிசையில் நின்று வாங்குவார்கள் என்று சொன்னேன், சும்மா முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை. வெட்கமில்லாமல் மூன்று அடை தின்றேன்.

சாப்பிட்டு முடிந்ததும் மொட்டை மாடியில் காற்று வாங்க உட்கார்ந்தோம். அவித்த மல்லாட்டை ஒரு முறம் நிறைய வந்தது. இதுதான் சமயம் என்று என் திட்டத்தை எடுத்து விட்டேன்.

"அண்ணே, சனிக்கிழமை ராத்திரி நாம எல்லாரும் ஒண்ணா வெளியே போகலாம். முதல்ல டின்னர், அப்புறம் கிளப். என்ன சொல்றீங்க?"

அவர் முகம் சுளிப்பார், அல்லது என்ன கிளப் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"கிளப்பா! கிளப்புக்குப் போயி எத்தினி வருசம் ஆவுது! சரோஜா, கேட்டியா? தங்கச்சி நம்மள கிளப்புக்கு இட்டுக்கினு போவுதாம்!"

"நீங்க கிளப்புக்கெல்லாம் போவீங்களா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"என்னா இப்பிடிக் கேட்டுட்ட? கல்யாணம் ஆன புதுசுல மாசத்துக்கு ஒரு வாட்டி விழுப்புரத்துக்குப் போய்டுவோம். சினிமா பாத்துட்டு நேரா கிளப்பு. அங்க சுத்துப்பட்டு ஆளுங்க எல்லாம் வந்துடுவாங்க, காணை கிராமத்துல இருந்துகூட வண்டி கட்டிக்கினு வருவாங்க."

சரோஜா அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "மாமியாருக்குத் தெரியாமப் போவோம் அண்ணி. வந்ததும் ஒண்ணும் தெரியாத மாதிரி படுத்துக்குவேன்."

நித்யா என் கையைக் கிள்ளினாள். விழுப்புரத்தில், அந்தக் காலத்தில், மாமியாருக்குத் தெரியாமல் கிளப்! நானே திருச்சியை விட்டுப் போன பிறகுதான் கிளப் வாசலை மிதித்தேன்.

"அந்தக் கிளப் இப்பவும் இருக்கா அண்ணே?"

"ஏன் இல்லாம? பெரியவரு போய்ட்டாரு, இப்ப புள்ளைங்க நடத்தறாங்க. ஏசி எல்லாம் போட்டுட்டாங்க."

"கூட்டம் இருக்குமா?"

"சனிக்கெழம உக்கார எடம் கெடைக்காது. நிக்கணும்."

"நிக்கறதுதானே நல்லது!" என்றேன் நான். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஆனா ஜல்தியா போய்டணும் தங்கச்சி. ஒம்போது மணிக்கெல்லாம் மூடிடுவான்."

சின்ன ஊர், போலீஸ் கெடுபிடி இருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அவர்தான் மறுபடி இழுத்தார். "எனுக்கு ஒண்ணுதான் புரியல. டின்னரும் சாப்டு, கிளப்புக்கும் போவணுமா? ஒடம்பு தாங்குமா?"

"பழகிடும் அண்ணே. நாங்க சிங்கப்பூர்ல வாராவாரம் அப்படித்தான்."

"அடேங்கப்பா," என்றார் அவர், உண்மையான மரியாதையோடு.

சரவணன் பக்கத்திலேயே உட்கார்ந்து மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டிருந்தான். அவனைப் பார்த்து, "உங்க வீட்ல இவ்வளவு முன்னேறிட்டாங்கன்னு ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். அவன் வழக்கம்போல் சிரித்தான்.

அன்று இரவே அக்காவுக்குப் போன் போட்டேன். "மாமனார் மாமியாரே கிளப்புக்குப் போனவங்கக்கா! அதுவும் கல்யாணம் ஆன புதுசுலேருந்து! இதுக்கு மேல ஒரு குடும்பம் கிடைக்காது. சரின்னு சொல்லிடு." அக்கா நம்பாமல் இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் அடித்துச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மயிலம் மலைக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு, சரவணன் எங்களை விழுப்புரத்தில் இறக்கிவிட்டான். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நித்யாவுக்கு அவன் வேலை பேசி வைத்திருந்தான். இடம் சுத்தமாக இருந்தது. மூட்டுவலிக்காரர்கள் வாசல் வரை உட்கார்ந்திருந்தார்கள். "இங்க எனக்கு ஆயுசுக்கும் வேலை இருக்கு சித்தி," என்று நித்யா குஷியாகிவிட்டாள்.

திரும்பும்போது ரயிலில் போகலாம் என்றது என் யோசனை. விழுப்புரம் ஜங்ஷன் பெரிய ஜங்ஷன், எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு வண்டி நிற்கும். ஜம்பமாக ஒரு வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். எதிரே ஒரு மலையாளக் குடும்பம். காற்று நன்றாக வந்தது, இரண்டு பேரும் கண்ணயர்ந்துவிட்டோம். நித்யா உலுக்கி எழுப்பியபோது திண்டிவனம் என்ற பெயர்ப் பலகை ஜன்னலில் பறந்துகொண்டிருந்தது. அந்த வண்டி அங்கே நிற்காது. எதிரே இருந்த அம்மாள் தன் கணவரிடம் மலையாளத்தில், "இவங்களை அப்பவே எழுப்பலாம்னு சொன்னேன், கேட்டீங்களா?" என்றாள். அவர், "அவங்களும் சென்னைக்குத்தான்னு நெனச்சேன்" என்றார். செங்கல்பட்டில் இறங்கிப் போன் செய்தோம்.

சரவணன் மில் வேலையைப் போட்டுவிட்டுக் காரில் வந்தான். ஒரு முணுமுணுப்பு இல்லை, ஒரு கேலி இல்லை. "அதனால என்ன, பரவாயில்ல" என்று மட்டும் சொன்னான். யார் எது சொன்னாலும் தலையாட்டுகிற பிள்ளை, நித்யா கொடுத்து வைத்தவள் என்று நான் பின் சீட்டில் நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தபோது ஏழுமலை அண்ணன் வாசலிலேயே நின்றார். அக்காவும் அத்தானும் போன் செய்து சம்மதம் சொல்லிவிட்டார்களாம். அடுத்த மாதமே தட்டு மாற்றிக்கொள்ள நாள் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் எல்லார் வாயிலும் சர்க்கரை போட்டார்.

சனிக்கிழமை. எனக்குத் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. எட்டு மணிக்கு டின்னர் என்று நான் ஆரம்பித்ததை ஏழுமலை அண்ணன் அடியோடு மறுத்தார். கிளப்புக்குப் போகிற அன்றைக்குச் சாப்பாட்டை அஞ்சு மணிக்கே முடித்தால்தான் வயிறு ஒத்துழைக்கும் என்றார். ஆடுகிறவர்கள் நிறைந்த வயிற்றோடு போகக் கூடாது என்பது சரிதானே, மனிதர் அனுபவசாலி என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

நித்யா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கறுப்பில் ஜிகினா வைத்த முழங்கால் வரையிலான கவுன், குதிகால் உயர்ந்த செருப்பு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சரோஜா அண்ணி அவளைச் சுற்றி வந்து பார்த்தாள். "வேலைப்பாடு நல்லாருக்குது. ஆனா அங்க சாம்பாரு கொட்டிடாமப் பாத்துக்க" என்றாள். கிளப்பில் ஏது சாம்பார் என்று எனக்கு ஒரு கணம் உறுத்தியது. சினிமாவுக்குப் போகிற நினைப்பில் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். சினிமாவில் மட்டும் சாம்பார் ஏது என்று அப்போது தோன்றவில்லை.

திண்டிவனத்தில் பிரியாணி. சீரகச் சம்பா, விறகடுப்பு, கூடக் கத்திரிக்காய்த் தொக்கு. பிரியாணிக்காக நான் பல ஊர்களில் பல பேரோடு சண்டை போட்டிருக்கிறேன், இங்கே வாய் திறக்கவில்லை. அண்ணனும் அண்ணியும் மட்டும் இலையில் கோழி கொத்துகிற மாதிரி தொட்டுத் தொட்டு எடுத்தார்கள். "கிளப்புக்கு எடம் வேணும்ல?" என்றார் அவர்.

சரவணன் காரை ஓட்ட, விழுப்புரம் போனோம். கடைத்தெருவுக்குள் ஒரு சந்து முனையில் ஏழுமலை அண்ணன் "நிறுத்து, நிறுத்து" என்றார். நான் இறங்கி மேலே கீழே பார்த்தேன். பாட்டுச் சத்தம் இல்லை, வாசலில் தடியாக யாரும் நிற்கவில்லை. ஒரு பெரிய சாப்பாட்டு ஓட்டல், கல்லாவில் விபூதி பூசிய ஒருவர், உள்ளே நெய் வாசனை. மாடிப்படி தெரிந்தது. மாடியில் கிளப், கீழே ஓட்டல், புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று நினைத்து ஏறினேன். மாடியில் ஏசி இருந்தது. அதன் கீழே குடும்பம் குடும்பமாகப் பூரி தின்றுகொண்டிருந்தார்கள். நித்யாவின் ஜிகினாவைப் பார்த்து அத்தனை கைகளும் வாய்க்குப் போகாமல் நின்றன.

ஏழுமலை அண்ணன் ஓடிப்போய் மேஜை பிடித்தார். "தம்பி, மொதல்ல அஞ்சு அல்வா. அப்புறம் அஞ்சு நெய் ரோஸ்ட்டு. வடை சூடா இருந்தா கொண்டா."

பிரியாணி என் தொண்டை வரை நின்றது. அல்வாவைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "அண்ணே, நாம கிளப்புக்கு எப்பப் போறோம்?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "என்னா தங்கச்சி, கிளப்புலதான உக்காந்துக்கினு இருக்கோம்?"

எனக்கு விளங்க ஒரு வாய் அல்வா போகிற நேரம் ஆயிற்று. காபி கிளப், சாப்பாட்டுக் கிளப், கிளப்புக் கடை. எங்கள் திருச்சியிலேயே பழைய ஆட்கள் ஓட்டலைக் கிளப் என்பார்கள், என் தாத்தாவே சொல்லிக் கேட்டிருக்கிறேன். சிங்கப்பூர் போய் எல்லாம் மறந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தேன். நித்யாவுக்கும் புரிந்து, மேஜையில் தலையை வைத்துக் குலுங்கினாள். "மல்லாட்டைக்காரங்க கிட்ட வந்து மாட்டிக்கிட்டோம் சித்தி!"

"என்னா, என்னா?" என்று அண்ணி பதறினாள். நித்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அத்தை, நாங்க சொன்ன கிளப் வேற. பாட்டுப் போடுவாங்க, லைட் போடுவாங்க, எல்லாரும் ஆடுவோம்."

"ரிக்கார்டு டான்சு மாதிரியா?" ஏழுமலை அண்ணனின் கையில் ரோஸ்ட் அப்படியே நின்றது.

"அது மேடையில மாமா, மத்தவங்க பாக்கறதுக்கு. இது யாரும் பாக்கறதுக்கு இல்ல. நமக்காக நாமளே ஆடறது. நான் வாராவாரம் போவேன். கல்யாணம் ஆனாலும் போகணும். அதைச் சொல்லத்தான் சித்தி உங்களைக் கூப்பிட்டாங்க."

என் சிரிப்பு நின்றுவிட்டது. நான் வெட்கமில்லாமல் தீர்ப்புச் சொல்லி, அக்கா சம்மதம் சொல்லி, சர்க்கரையும் தின்றாயிற்று. எல்லாம் ஒரு நெய் ரோஸ்ட்டை நம்பி.

அண்ணன் எங்களைப் பார்க்கவில்லை. மெதுவாக மகன் பக்கம் திரும்பினார். "ஏண்டா, நீயும் அந்த ஊர்லதான இருந்த. உனுக்கு இது தெரியாதா?"

சரவணன் ரோஸ்ட்டின் ஓரத்தை உடைத்துக்கொண்டிருந்தான். "தெரியும்."

"அன்னிக்கு மாடில பேசனப்பவே தெரியுமா?"

"ம்."

அந்த இரண்டு நாளில் அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாங்கள் இரண்டு பக்கமும் மாறி மாறி உளறியதை மல்லாட்டை உரித்துக்கொண்டே கேட்டிருக்கிறான்.

"நீங்களும் சந்தோசமா இருந்தீங்க, அவங்களும் சந்தோசமா இருந்தாங்க," என்றான். "நடுவுல எதுக்குப் பேஜாருன்னு விட்டுட்டேன். கல்யாணம் முடியட்டும், மெதுவா சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

நித்யா கேட்டாள், குரலை உயர்த்தாமல். "யாருக்கு மெதுவா சொல்லியிருப்ப சரவணா? நான் ஆடுவேன்னு அவங்களுக்கா, ஆடக் கூடாதுன்னு எனக்கா?"

தலையாட்டித் தப்பிக்க அந்தக் கேள்வியில் இடம் இல்லை. எனக்கு அவனை அங்கேயே எழுப்பி இரண்டு வைக்க வேண்டும் போலிருந்தது.

ஏழுமலை அண்ணன் எழுந்து கை கழுவப் போனார். திரும்பி வந்து உட்காரவில்லை. "அந்தக் கிளப்பு எங்க இருக்குது?"

"பாண்டிச்சேரியில," என்றேன்.

"எழுந்திருங்க. உரிச்சிப் பாக்காம நான் மல்லாட்டையே வாங்கறது இல்ல. கண்ணால பாக்காம இதுக்கு எப்பிடி வாயத் தொறப்பேன்?"

காரைப் பாண்டிச்சேரிக்குத் திருப்பினோம். அண்ணிக்கு மட்டும் பொட்டலத்தில் வடை இருந்தது. கிளப்புச் சாப்பாட்டை நம்பி மத்தியானம் சாப்பிடாமல் இருந்தாளாம், பாவம். கடலோரத் தெருவில் ஒரு கிளப் எனக்குத் தெரியும், கம்பெனிக்காரர்களை ஒரு தடவை அழைத்து வந்திருக்கிறேன். வாசலில் தடியாக ஒருவன் நின்றான். இந்தத் தடவை உண்மையான கிளப்தான்.

அவன் ஏழுமலை அண்ணனைப் பார்த்துக் கையை நீட்டினான். "சாரி சார். வேட்டிக்கு அலவ்டு இல்ல. செருப்பும் கூடாது."

நான் சண்டைக்குத் தயாரானேன். அண்ணன் என்னைத் தடுத்தார். "வேட்டிக்கு எடம் இல்லன்னா நான் வெளிய இருக்கேன். சரோஜா, நீ போயி பாத்துட்டு வா. நீ சொல்றதுதான் எனுக்கு." கூடவே நகர்ந்த சரவணனைப் பார்த்து, "நீ எங்க போற? நில்லு இங்க" என்றார்.

ஆக, பட்டுப் புடவையில் சரோஜா அண்ணி, ஜிகினாவில் நித்யா, நடுவில் நான். உள்ளே கிளப் காலியாகக் கிடந்தது, பாட்டுக்கூட இன்னும் ஆரம்பிக்கவில்லை. எங்கள் தொழிலில் அது கடை திறந்து சாம்பிராணி போடுகிற நேரம், ஆட்கள் வர இன்னும் நேரமிருந்தது. பெங்களூர்ப் பையன்கள் சிலர் மட்டும் ஒரு மூலையில் இருந்தார்கள். "யாரோ அவங்க அம்மாவையும் கூட்டிட்டு வந்திருக்காங்க பாரு," என்று ஒருவன், எனக்குப் புரியாது என்ற தைரியத்தில், கன்னடத்தில் சொன்னான். "எங்க அம்மா வந்தா நான் இங்கயே செத்துடுவேன்" என்றான் இன்னொருவன்.

நித்யா நடுவில் போய் நின்றாள். முதலில் சும்மா நின்றாள். பாட்டு ஆரம்பித்ததும் ஆடினாள். எத்தனையோ சனிக்கிழமைகளில் அவள் ஆடிப் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு மாதிரி ஆடியதில்லை. கோபமும் அழுகையும் கலந்து கையிலும் காலிலும் இறங்கியது. அண்ணி காதை முந்தானையால் பொத்திக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் முந்தானையை எடுத்துவிட்டாள். என் காதருகே வந்து, "இந்தச் சத்தத்துல நாம என்னா சொன்னாலும் யாருக்கும் கேக்காதா?" என்று கத்தினாள்.

"கேக்காது அண்ணி!"

அவள் அந்தப் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து என்னவோ பலமாகச் சொன்னாள். நீளமாகவே சொன்னாள். முடித்துவிட்டுச் சிரித்தாள். என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டதற்கு, கேக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க என்றாள்.

வெளியே வந்தபோது ஏழுமலை அண்ணன் அந்தத் தடியனோடு தோளில் கை போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். அவன் காணைக்காரனாம், இவருக்கு மல்லாட்டை போடுகிறவர் வீட்டுப் பிள்ளை. யார் யார் வருகிறார்கள், தனியாக வரும் பெண்கள் எப்படித் திரும்புகிறார்கள் என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்திருந்தார். சரவணன் கொஞ்சம் தள்ளி, காரில் சாய்ந்து நின்றான்.

"என்னா சரோஜா?"

"ஒண்ணும் தப்பா இல்லைங்க. கூலி ஆளுக்குக்கூட இப்பிடி வேர்க்காது, அப்பிடி வேர்க்குது. பொண்ணு நல்லா ஆடுது. பாக்கறதுக்குத்தான் ஆள் இல்ல."

அவர் நித்யாவைப் பார்த்தார். "சனிக்கெழமைன்னா வண்டி டிரைவரோட குடுத்துடறேன். ஒம்போது மணிக்கு வூட்டுல இருக்கணும்."

"பன்னெண்டு மாமா."

"பத்து."

"பத்துக்குத்தான் ஆளே வருவாங்க மாமா. பன்னெண்டு."

"பதினொண்ணு. இதுக்கு மேல ஏறமாட்டேன்."

"சரி, பதினொண்ணு," என்றாள் நித்யா. மண்டியில் விலை முடிந்த மாதிரி அவர் தலையை ஆட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் தீர்ப்பு தப்பான காரணத்துக்குச் சொன்ன சரியான தீர்ப்பு என்று உள்ளுக்குள் கொஞ்சம் தலை நிமிர்ந்தது.

திண்டிவனம் சாலையில் கார் போய்க்கொண்டிருந்தது. முன் சீட்டிலிருந்து ஏழுமலை அண்ணன் திரும்பினார். "அப்ப வர்ற மாசம் நாள் பாத்துடலாமா? உன் வாயால சொல்லும்மா."

நித்யா மடியில் இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குச் சரி மாமா. அத்தைக்கும் சரி. இந்த வீட்டுக்கு வர எனக்கு ஒரு தயக்கமும் இல்ல."

"அப்ப?"

"மாப்பிள்ளைதான் இன்னும் முடிவாகல."

சரவணன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. ஏழுமலை அண்ணன் சண்டைக்கு வருவார், சமாதானம் சொல்வார் என்று நான் வாயைத் திறக்கத் தயாராக இருந்தேன். அவர் மறுபடி ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நியாயந்தாம்மா," என்றார். "நாள் அப்புறம் பாத்துக்கலாம். டேய், ரோட்டப் பாத்து ஓட்டு."